தேர்வை விட்டுவிட்டு ஆல்ப்ஸுக்குப் போன இரண்டு மாணவர்கள்

கல்லூரியில் கடைசித் தேர்வுக்கு முன்னால் வரும் கோடை விடுமுறை என்றால் மாணவர்களுக்குள் இரண்டு கட்சி கட்டாயம் உண்டு. "இப்போதாவது உட்கார்ந்து படி, வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது" என்பது ஒரு கட்சி. "இப்போது ஊர் சுற்றாமல் வேலைக்குப் போன பிறகா சுற்றப் போகிறோம்?" என்பது இன்னொரு கட்சி. இந்தச் சண்டை நேற்று இன்று வந்ததல்ல. 1790-ஆம் ஆண்டு கோடையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் ஒருவருக்கும் இதே கேள்வி வந்தது. அவர் இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டார். அவர் பெயர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்.

பள்ளி ஆங்கிலப் பாடத்தில் டாஃபோடில் மலர்களைப் பற்றிய கவிதை படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கோடையில் அவர் கவிஞராக யாருக்கும் தெரியாது. இருபது வயது, கையில் காசு இல்லை, பெற்றோரும் இல்லை.

படிக்க வேண்டிய கோடை

வேர்ட்ஸ்வொர்த் 1770-ல் வட இங்கிலாந்தில் காக்கர்மவுத் என்ற ஊரில் பிறந்தவர். எட்டு வயது நிறையும் முன்பே தாய் இறந்தார், பதின்மூன்று வயதில் தந்தையும் போய்விட்டார். தந்தை ஒரு பெரும் பணக்கார நிலப்பிரபுவிடம் சட்ட அலுவலராக இருந்தவர். அந்தப் பிரபு கொடுக்க வேண்டிய ஆயிரக்கணக்கான பவுண்டு பாக்கியை அவருடைய பிள்ளைகளுக்குக் கொடுக்கவே இல்லை. 1802-ல் அந்தப் பிரபு இறந்த பிறகு, அவருடைய வாரிசுதான் அந்தக் கடனைத் தீர்த்தார். இதனால் ஐந்து பிள்ளைகளும் உறவினர்களின் தயவில்தான் வளர வேண்டியிருந்தது.

1787-ல் வேர்ட்ஸ்வொர்த் கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் கட்டணச் சலுகை பெறும் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய தாய்மாமன் வில்லியம் குக்சன் அதே கல்லூரியில் ஃபெல்லோவாக இருந்தவர். மருமகனும் நன்றாகப் படித்து அதே பதவிக்கு வந்துவிட்டால் பிழைப்புக்குக் கவலையில்லை என்பது வீட்டார் கணக்கு. அதற்கு ஒரே வழி, 1791 ஜனவரியில் வரும் இறுதித் தேர்வில், முக்கியமாகக் கணிதத்தில், சிறப்பு நிலை பெறுவது. அதற்கு முந்தைய கோடை விடுமுறை முழுவதும் புத்தகமும் கையுமாக இருக்க வேண்டும். அப்படித்தான் எல்லோரும் இருந்தார்கள்.

அவர் என்ன செய்தார்? வீட்டாரிடம் சொல்லாமல் ஆல்ப்ஸ் மலைக்குக் கிளம்பிவிட்டார்!

இருபது பவுண்டுத் திட்டம்

வெளிநாட்டுப் பயணம் அப்போது பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் காரியம். பிரபுக்களின் மகன்கள் படிப்பு முடிந்ததும் குதிரை வண்டி, வேலைக்காரன், கூடவே ஓர் ஆசிரியர் என்று பரிவாரத்தோடு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போய் வருவார்கள். சில சமயம் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். 'கிராண்ட் டூர்' என்று அதற்குப் பெயர். அந்தச் செலவை ஏழை மாணவனால் நினைத்துப் பார்க்க முடியுமா?

வேர்ட்ஸ்வொர்த்தும், அதே கல்லூரியில் படித்த வேல்ஸ் நாட்டு நண்பர் ராபர்ட் ஜோன்சும் வேறு மாதிரி யோசித்தார்கள். அவர்கள் போட்ட திட்டத்தை இன்றைக்கு எந்த மாணவரும் பொறாமையோடுதான் பார்ப்பார்.

செலவில் பெரியது வண்டி. எனவே வண்டி வேண்டாம், நடந்தே போவது. சுமை இருந்தால் நடக்க முடியாது. எனவே பெட்டி இல்லை, முதுகுப் பையும் இல்லை. தேவையான துணிமணிகளைக் கைக்குட்டையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டார்கள். பயணத்துக்கென்றே இலேசான துணியில் இருவருக்கும் ஒரே மாதிரி கோட்டு தைத்துக்கொண்டார்கள். கையில் ஆளுக்கொரு ஓக் மரத் தடி. பையில் ஆளுக்குச் சுமார் 20 பவுண்டு. அவ்வளவுதான்!

மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரே மாதிரி கோட்டில் இரண்டு இளைஞர்கள் நடந்து போனதைப் பார்த்துப் போகிற வழியெல்லாம் ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள். அதை வேர்ட்ஸ்வொர்த்தே தங்கை டாரதிக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

திட்டம் தெரிந்த நண்பர்கள் சிலர் இது பைத்தியக்காரத்தனம் என்றார்கள். டாரதிக்கே முன்கூட்டித் தெரியாது. முன்பே சொல்லியிருந்தால் தானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்று அவர் பிறகு தோழிக்கு எழுதினார்.

எதிர்பாராத திருவிழா

1790 ஜூலை 13 அன்று இருவரும் பிரான்சின் கலே துறைமுகத்தில் இறங்கினார்கள். மறுநாள் ஜூலை 14. பாஸ்டீல் சிறை வீழ்ந்து சரியாக ஓர் ஆண்டு! பாரிசில் மன்னர் பதினாறாம் லூயி புதிய அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பதாகப் பெருங்கூட்டத்தின் முன் உறுதிமொழி எடுத்தார். நாடு முழுவதும் விழா.

இந்த இரண்டு பேரும் புரட்சியைப் பார்க்க வந்தவர்கள் அல்ல, மலையைப் பார்க்க வந்தவர்கள். ஆனால் நடந்து போன ஒவ்வொரு ஊரிலும் தோரணமும் மலர் வளைவும் இருந்தன. மாலை நேரத்தில் திறந்த வெளியில் ஜனங்கள் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சோன் ஆற்றில் லியோன் நகருக்குப் படகில் போனபோது, பாரிஸ் விழாவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த ஊர்ப் பிரதிநிதிகளும் கூட வந்தார்கள். இங்கிலாந்துக்காரர்கள் என்று தெரிந்ததும் அவர்கள் இவர்களையும் தங்கள் விருந்தில் உட்கார வைத்தார்கள். கைகோத்து மேசையைச் சுற்றி ஆட்டம்!

வண்டியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு போயிருந்தால் இதில் பாதிகூடக் கண்ணில் பட்டிருக்காது. காசில்லாததால் நடந்தார்கள், நடந்ததால் ஜனங்களோடு கலந்தார்கள்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர்கள் தங்கிய கிராண்ட் சார்த்ரூஸ் மடம் 1084-ல் தொடங்கிய பழமையான மடம். 1792-ல் அங்கிருந்த துறவிகள் வெளியேற்றப்பட்டார்கள். உறுதிமொழி எடுத்த மன்னரின் தலை 1793 ஜனவரியில் வெட்டப்பட்டது. அடுத்த மாதமே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. அதன் பிறகு ஓர் ஆங்கில மாணவன் கைக்குட்டை மூட்டையோடு பிரான்சில் நடப்பதற்கு வழியே இல்லாமல் போயிற்று. இரண்டு மூன்று ஆண்டு தள்ளிப் போட்டிருந்தால் இந்தப் பயணமே இல்லை.

தெரியாமலே தாண்டிய மலை

பயணத்தின் உச்சம் என்று அவர்கள் நினைத்திருந்தது ஆல்ப்ஸைக் கால்நடையாகக் கடப்பது. அதற்குத் தேர்ந்தெடுத்த வழி சுவிட்சர்லாந்திலிருந்து இத்தாலிக்கு இறங்கும் சிம்ப்ளான் கணவாய். நெப்போலியன் அங்கே வண்டிப் பாதை போட்டது 1805-ல் முடிந்தது. 1790-ல் இருந்தது கோவேறு கழுதைகள் போகிற பாதைதான்.

ஆகஸ்ட் 17. கோவேறு கழுதை ஓட்டிகளோடு ஒரு விடுதியில் மதியச் சாப்பாடு. அந்தக் கூட்டம் முன்னால் கிளம்பிவிட்டது. இவர்கள் பின்னால் போனார்கள். ஓர் ஓடை குறுக்கிட்டது. அதன் அக்கரையில் ஒரு பாதை மலை மேல் ஏறுவது தெரிந்தது. சிகரத்துக்குப் போகிற பாதை என்று ஆசையோடு ஏறினார்கள். ஏறினார்கள், ஏறினார்கள், முன்னால் போனவர்களைக் காணவே இல்லை!

கடைசியில் எதிரே ஒரு விவசாயி வந்தார். அவரிடம் வழி கேட்டார்கள். திரும்பி ஓடைக்கே போங்கள், அங்கிருந்து தண்ணீர் ஓடும் திசையில் கீழே இறங்க வேண்டும் என்றார். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பதில் ஒன்றுதான். இனி இறக்கம் மட்டுமே. அதாவது, ஆல்ப்ஸை அவர்கள் ஏற்கனவே தாண்டிவிட்டார்கள்!

எந்தக் கணத்துக்காக நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்களோ, அந்தக் கணம் தெரியாமலே கடந்து போய்விட்டது. ஏமாற்றத்தோடு இறங்கியவர்களுக்குக் கோண்டோ பள்ளத்தாக்கு காத்திருந்தது. இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவே இரைந்து விழும் ஆறு. அன்றிரவு தங்கிய பெரிய கட்டிடத்தில் தண்ணீர்ச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. பிற்காலத்தில் வேர்ட்ஸ்வொர்த் எழுதியவற்றில் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று என்று விமர்சகர்கள் சொல்வது இந்த இறக்கத்தைப் பற்றிய வரிகளைத்தான். அவர்கள் போட்ட திட்டத்தில் கோண்டோ ஒரு வழிப்பாதை மட்டுமே.

இத்தாலியிலும் ஒரு கூத்து நடந்தது. கோமோ ஏரிக்கரையில் ஓர் ஊரில் இரவு தங்கியபோது, கோயில் மணி அடித்த முறை புரியாமல் விடியப்போகிறது என்று நினைத்து நள்ளிரவுக்குப் பின் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்கள். காட்டில் வழி தவறி, பூச்சிக்கடியோடு ஒரு பாறையில் உட்கார்ந்து விடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பிறகு மீண்டும் சுவிட்சர்லாந்து. பாசல் நகரில் ஒரு படகை விலைக்கு வாங்கி, ரைன் நதியில் கொலோன் வரை வந்தார்கள். அக்டோபரில் இங்கிலாந்து திரும்பியபோது நடந்த தூரம் மட்டும் சுமார் 2,000 மைல் இருக்கும்.

என்ன இழந்தார், என்ன கிடைத்தது?

இழப்பு உண்மையானதுதான். 1791 ஜனவரியில் வேர்ட்ஸ்வொர்த் சிறப்பு நிலை இல்லாமல் சாதாரணப் பட்டம் பெற்றார். கணக்கோடு அவருக்கு இருந்த பிணக்கு முன்பே தொடங்கியதுதான் என்றாலும், ஃபெல்லோ பதவிக் கனவு இதோடு முடிந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் நிலையான வருமானம் இல்லாமல் திண்டாடினார். எனவே, 'ஊர் சுற்றினால் தானாக எல்லாம் நன்றாக நடக்கும்' என்று இந்தக் கதையை வைத்துச் சொல்ல முடியாது.

கிடைத்தது மெதுவாக வந்தது. அந்தப் பயணத்தைப் பற்றிய கவிதையை 1793-ல் வெளியிட்டு ஜோன்சுக்குக் காணிக்கையாக்கினார். கூட நடந்த ஜோன்ஸ் கடைசிவரை நண்பராக இருந்தார். ஓடைக்கரையில் வழி தவறிய கதை 'தி பிரெல்யூட்' என்ற பெரிய தன்வரலாற்றுக் கவிதையில் இடம்பெற்றது. அது அச்சில் வந்தது 1850-ல், அவர் இறந்த பிறகு. அறுபது ஆண்டுகள்!

இந்தக் கதையில் இன்னொருவரையும் மறந்துவிடக் கூடாது. அதே கோடையில் தங்கை டாரதிக்குப் பதினெட்டு வயது. அவர் மாமன் வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகான இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீயும் இங்கே இருக்கக் கூடாதா என்று நினைத்ததாக அண்ணன் சுவிட்சர்லாந்திலிருந்து எழுதினார். ஆனால் ஒரு பெண் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோழியோடு ஆல்ப்ஸுக்கு நடப்பது அந்தக் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத காரியம். தைரியமும் ஆசையும் அண்ணனுக்குச் சமமாக இருந்தும், அந்தக் கோடை டாரதிக்குக் கிடைக்கவில்லை.

1820-ல் வேர்ட்ஸ்வொர்த் தன் மனைவி மேரியோடும் டாரதியோடும் மீண்டும் ஆல்ப்ஸுக்குப் போனார். அவருக்கு ஐம்பது வயது, டாரதிக்கு நாற்பத்தெட்டு. நெப்போலியனின் புதிய பாதையில் போகும்போது, மலை மேல் ஏறும் ஒரு பழைய ஒற்றையடிப் பாதையை வேர்ட்ஸ்வொர்த் அடையாளம் கண்டுகொண்டார். அன்று தவறுதலாக ஏறிய அதே பாதை! அதைப் பார்த்து அண்ணன் எவ்வளவு உணர்ச்சிவசப்பட்டார் என்பதை டாரதி தன் பயண நாட்குறிப்பில் பதிந்து வைத்தார்.

கடிதத்தில் மட்டுமே படித்த இடத்தில் வந்து நிற்க அவருக்கு முப்பது ஆண்டுகள் ஆயின. கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று இன்றைக்குத் தோழிகள் நான்கு பேர் உட்கார்ந்து பேச முடிகிறதென்றால், அது சாதாரண விஷயம் இல்லை.