பதிவும் பதிப்பும்: எமிலி மாயரின் சிம்பொனிகளை முன்வைத்து

'பதி' என்னும் வினையடி தமிழில் தன்வினையாகவும் பிறவினையாகவும் வழங்குகிறது. தன்வினையிலிருந்து 'பதிவு' பிறக்கிறது; பிறவினையிலிருந்து 'பதிப்பு' பிறக்கிறது. பதிவு தானாகப் பதிந்ததுபோல் தோற்றம் தரும். பதிப்புக்கோ பதிப்பவர் ஒருவர் வேண்டும். ஆகவே நூலை யார் பதிப்பித்தார், எந்தச் சுவடியைக் கொண்டார், எந்தப் பாடத்தைத் தள்ளினார் என்று கேட்கப் பழகியிருக்கிறோம். ஓர் ஒலிப்பதிவைக் கேட்கும்போது அத்தகைய கேள்விகள் நமக்கு எழுவதில்லை. மறக்கப்பட்ட இசையமைப்பாளர்களின் வரலாற்றில் இந்த வேறுபாடு பெரிய விளைவுகளை உண்டாக்குகிறது என்பதை ஜெர்மானிய இசையமைப்பாளர் எமிலி மாயரைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

மாயர் 1812-இல் மெக்லென்பூர்க் பகுதியிலுள்ள ஃபிரீட்லாண்ட் என்னும் சிற்றூரில் ஒரு மருந்தாளரின் மகளாகப் பிறந்தார். 1840-இல் தந்தை தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு மாயர் ஸ்டெட்டின் நகருக்குச் சென்று கார்ல் லோவேயிடம் இசையமைப்புக் கற்கத் தொடங்கினார். அந்நகர் இன்று போலந்தில் ஷ்செச்சின் என்னும் பெயரோடு இருக்கிறது. 1847-இல் அவர் பெர்லினுக்குப் பெயர்ந்தார். அங்கே இசைக் கோட்பாட்டாளர் அடோல்ஃப் பெர்ன்ஹார்ட் மார்க்ஸும் பிரஷ்யப் படை இசையின் தலைவர் வில்ஹெல்ம் வீப்ரெஹ்ட்டும் அவருக்கு ஆசிரியர்கள். பாஸ் டியூபா என்னும் ஊதுகருவிக்கு 1835-இல் காப்புரிமை பெற்ற இருவரில் வீப்ரெஹ்ட் ஒருவர். பித்தளைக் கருவிகளின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவரிடமே மாயர் பல்லிய அமைப்பைக் கற்றார் என்பது இதனால் புலப்படும்.

1850 ஏப்ரல் 21 அன்று பெர்லின் அரச நாடக அரங்கில் முழுவதும் மாயரின் படைப்புகளாலான ஒரு நிகழ்ச்சியை வீப்ரெஹ்ட் நடத்தினார். பிரஷ்ய அரசி எலிசபெத் கலைக்கான பொற்பதக்கத்தை மாயருக்கு வழங்கினார். எட்டு சிம்பொனிகள், பல ஓவர்ச்சர்கள், ஒரு பியானோ கான்செர்ட்டோ, எண்ணற்ற அறையிசைப் படைப்புகள் ஆகியவற்றை எழுதிவிட்டு 1883-இல் அவர் பெர்லினில் இறந்தார். அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அவர் பெயர் கலைக்களஞ்சியக் குறிப்புகளுக்குள் ஒடுங்கியது.

ஆக, வாழ்நாளில் எவரும் கேளாததால் அவர் மறக்கப்படவில்லை. கேட்கப்பட்டார், பாராட்டப்பட்டார், பிறகே மறைந்தார். பெண் என்பதால் புறக்கணிக்கப்பட்டார் என்ற விடை உண்மையே. ஆயினும் அந்தப் புறக்கணிப்பு எந்த வழியாகச் செயற்பட்டது என்பதையும் நாம் கேட்கவேண்டும். அதற்கான விடை பெருமளவு தாளில் இருக்கிறது. அவருடைய பாடல்களும் பியானோ இசையும் அறையிசையும் கணிசமாக அச்சேறின. சிம்பொனிகளோ பெரும்பாலும் கையெழுத்துப் படிகளாகவே நின்றுவிட்டன. ஒரு சிம்பொனியை வாசிக்க நடத்துநருக்கு முழு இசைக்குறிப்பு வேண்டும். ஒவ்வொரு கலைஞருக்கும் அவரவர் கருவிக்குரிய தனித்தாள் வேண்டும். அச்சிட்ட தாள்கள் இல்லையென்றால் வேற்றூர் இசைக்குழு அதைத் தொடவே முடியாது. இசைப்பள்ளியிலோ அரசவையிலோ பதவி வகித்த ஆண்களுக்கு அவர்களுடைய படைப்பை அடுத்த தலைமுறைக்குக் கடத்த மாணவர்களும் நிறுவனங்களும் இருந்தன. மாயருக்கு அத்தகைய வலுவான நிறுவனப் பின்புலம் இல்லை.

எனவே இன்று அவருடைய சிம்பொனிகளை ஒலிப்பதிவு செய்யத் திட்டமிடுவோரின் பணி ஒலிவாங்கிக்கு முன் தொடங்குவதில்லை. பெர்லின் அரசு நூலகத்திலுள்ள கையெழுத்துப் படிகளுக்கு முன் தொடங்குகிறது. படியை எடுத்தெழுதவேண்டும், ஒரே இடம் இரு கருவிகளில் இரு விதமாகக் குறிக்கப்பட்டிருந்தால் எது பிழை, எது நோக்கம் என்று முடிவு செய்யவேண்டும், பிறகு தனித்தாள்களை உருவாக்கி மெய்ப்புப் பார்க்கவேண்டும். இது முழுக்க முழுக்கப் பாட ஆய்வு. கேட்பவருக்கோ இதில் எதுவும் தெரிவதில்லை. அவர் காதில் விழுவது 'மாயரின் இசை' மட்டுமே.

இதற்கு மிகத் தெளிவான சான்று பி மைனரிலுள்ள நான்காம் சிம்பொனி. அதன் முழு இசைக்குறிப்பு தொலைந்துவிட்டது. ஒரே பியானோவில் இருவர் அமர்ந்து வாசிப்பதற்கான நான்குகை வடிவம் அச்சானதால் அது மட்டும் எஞ்சியது. இசைத்தட்டு தோன்றாத காலத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு சிம்பொனியை அறிந்துகொள்ளும் வழி இந்த நான்குகை வடிவமே. அந்நூற்றாண்டின் ஒலிப்பதிவு என்றே அதைக் கூறலாம். அந்தப் 'பதிவு' பிழைத்தது, மூலம் பிழைக்கவில்லை. ஸ்டெஃபான் மால்செவ் அதிலிருந்து பல்லிய வடிவத்தை மீட்டமைத்தார். மாயர் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள நொய்பிராண்டன்பூர்க் இசைக்குழு அதை அவர் நடத்துகையில் பதிவு செய்தது.

மகிழத்தக்க முயற்சி இது. ஆனால் இந்தப் பதிவில் ஒரு கிளாரினெட் ஓர் இனிய மெட்டை எடுத்துப் பாடும்போது, அதைக் கிளாரினெட்டுக்குத் தந்தவர் மாயரா மால்செவ்வா? மெட்டும் இசைவும் மாயருடையவை; நிறம் இன்னொருவருடையது. இச்சிம்பொனியை மட்டும் கேட்டுவிட்டு மாயரின் பல்லிய நடை குறித்து ஒருவர் கட்டுரை எழுதினால், அவர் உண்மையில் 21-ஆம் நூற்றாண்டின் ஒரு நடையை ஆராய்ந்தவராவார். மீட்டமைப்பு தவறன்று, அது மீட்டமைப்பு என்பது கேட்பவருக்கு எட்டாமல் போவதே தவறு. குறுந்தகட்டின் உறையில் இருக்கும் அந்த ஒரு வரி, இணையச் செயலிகளில் பாடலின் பெயரும் நேரமும் மட்டும் காட்டப்படும்போது உதிர்ந்துவிடுகிறது.

எண்ணிடுதலிலும் இதே சிக்கல் உண்டு. எஃப் மைனரிலுள்ள சிம்பொனி ஒரு காலத்தில் ஐந்தாம் சிம்பொனி எனப்பட்டது. இப்போது ஏழாம் சிம்பொனி எனப்படுகிறது. பழைய பதிவையும் புதிய பதிவையும் அருகருகே காணும் மாணவர் அவற்றை இரு வேறு படைப்புகள் என்றே எண்ணக்கூடும். அகராதியில் ஒரே சொல் இரு தலைச்சொற்களாக நுழைந்ததற்கு ஒப்பானது இது.

2020-க்குப் பின் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. முதல் இரு சிம்பொனிகளை ஹனோவரிலுள்ள வடஜெர்மானிய வானொலி இசைக்குழு லியோ மக்ஃபால் நடத்துகையில் பதிவு செய்து, சி.பி.ஓ. நிறுவனம் அதை வெளியிட்டது. இத்தகைய கூட்டுமுறை கவனிக்கத்தக்கது. ஜெர்மனியில் பொது வானொலிகள் முழுநேர இசைக்குழுக்களைப் பராமரிக்கின்றன. ஒலிபரப்புக்கென்று செய்யும் பதிவைச் சிறு நிறுவனங்கள் தட்டாக வெளியிடுகின்றன. விற்பனையை மட்டும் நம்பியிருந்தால் இத்தகைய இசை கூடத்திற்குள் நுழைந்திருப்பதே கடினம். மறதியை அழிப்பதற்கும் பொதுப்பணம் வேண்டியிருக்கிறது.

இத்தகைய திட்டங்களில் மூன்று செய்திகளை வலியுறுத்துவேன். முதலாவது, ஒலிப்பதிவோடு இசைக்குறிப்பும் தனித்தாள்களும் வெளிவரவேண்டும். தாள் வெளிவராத பதிவு, சுவடியைப் பூட்டிவிட்டு உரையை மட்டும் அச்சிடுவது போன்றது. வேறொருவர் அதைச் சரிபார்க்கவோ மாற்றி வாசிக்கவோ வழியில்லை. இரண்டாவது, பதிவுக்கு முன் சில மேடைகளிலேனும் இசைக்குழு அதை வாசித்திருக்கவேண்டும். பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியை ஒரு குழு சுமாராக வாசித்தால் குழுவைக் குறை கூறுகிறோம். முன்பின் கேட்டிராத மாயரைச் சுமாராக வாசித்தால் மாயரைக் குறை கூறுகிறோம். 'மறக்கப்பட்டதில் நியாயம் இருக்கிறது' என்ற தீர்ப்பு பல வேளைகளில் ஒத்திகை நேரத்தின் குறைவிலிருந்தே பிறக்கிறது. மூன்றாவது, முதற்பதிவோடு நின்றுவிடக்கூடாது. ஒரே பதிவு இருக்கும்வரை அந்த நடத்துநரின் வேகமே படைப்பின் வேகம் எனத் தோன்றும். இரண்டாம் பதிவு வந்தபின்னரே எது படைப்பு, எது வாசிப்பு எனப் பிரித்தறிய இயலும். ஒற்றைச் சுவடியை வைத்துப் பாடபேதம் காட்ட முடியாது என்பதை நாம் அறிவோம்.

மாயரைப் 'பெண் பெத்தோவன்' என்று அழைக்கும் வழக்கம் இருக்கிறது. விளம்பரத்துக்கு அது உதவலாம்; கேட்பதற்கு உதவாது. அப்பெயரோடு கேட்பவர் பெத்தோவனை ஒத்த இடங்களைத் தேடுவார். ஒவ்வாத இடங்களைக் குறையாகக் கொள்வார். ஸ்டெட்டினிலும் பெர்லினிலும் ஒருவர் தமக்கெனக் கண்ட மொழி அந்த ஒப்பீட்டுக்குள் காணாமற் போகும்.

இந்தியாவிலிருந்து இத்துறையைப் படிக்கும் நமக்கு இச்சிக்கல் மேலும் கூர்மையானது. மாயரின் சிம்பொனியை அரங்கில் கேட்கும் வாய்ப்பு நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. நமக்குக் கிடைக்கும் ஒரே ஆவணம் பதிவுதான். அதனாலேயே, அதை மூலமாகக் கொள்ளுமுன் அதன் பின்னாலுள்ள பதிப்பாசிரியரைத் தேடும் பொறுப்பும் நமக்கு மிகுதி. அடுத்த முறை ஆய்வேட்டில் ஓர் ஒலிப்பதிவை மேற்கோள் காட்டும்போது, இசைக்குழுவின் பெயரோடும் நடத்துநரின் பெயரோடும் நிறுத்தாமல், எந்தப் படியிலிருந்து, யாருடைய பதிப்பைக் கொண்டு வாசிக்கப்பட்டது என்பதையும் எழுதுவோம். பதிவுக்குள் மறைந்திருக்கும் பிறவினையை வெளிக்கொணர அதுவே முதற்படி.