பாத்திரம் கழுவும் எந்திரம்: சிக்கனக் கணக்கு எப்போ வந்தது?

டிஷ்வாஷர் சிக்கனமா, கையால கழுவுறது சிக்கனமா? இதுக்கு ஆளுக்கொரு பதில் சொல்வாங்க. நான் இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடினப்போ ஒரு விஷயம் புரிஞ்சது. அந்த எந்திரம் தண்ணியை மிச்சப்படுத்தப் பிறந்ததே இல்லை.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் ஊரில் இருந்தவர் ஜோசஃபின் காக்ரேன். வசதியான குடும்பம், அடிக்கடி விருந்து. பீங்கான் தட்டுகள் கழுவும்போது விளிம்பு உடையுதேன்னுதான் அவர் எந்திரத்தை யோசிச்சார். 1883ல் கணவர் இறந்து கடன் மட்டும் மிஞ்சியபோது, அந்த யோசனையே பிழைப்பானது. 1886 டிசம்பர் 28ல் காப்புரிமை கிடைத்தது. கம்பிக்கூடையில் தட்டுகளை அடுக்கி, தேய்க்காமல் சுடுதண்ணியைப் பாய்ச்சிக் கழுவுவதுதான் அதன் சூட்சுமம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் எந்திரம் பெயர் வாங்கியது.

ஆனா வாங்கினது வீட்டுப் பெண்கள் இல்லை, ஹோட்டல்களும் உணவகங்களும்தான். விலை ஒரு தடை. அது கேட்ட அளவு சுடுதண்ணி அன்றைய வீடுகளில் இல்லாதது இன்னொரு தடை. காக்ரேன் 1913ல் மறைந்தார். வீடுகளில் எந்திரம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

தண்ணிக் கணக்கு வந்தது இன்னும் பிறகு. 2000களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கர் குழு, ஏழு ஐரோப்பிய நாட்டுக்காரர்கள் 113 பேரை, 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால கழுவ வைத்தது. சராசரியா 103 லிட்டர் தண்ணி, 2.5 யூனிட் மின்சாரம் ஆனது. எந்திரத்துக்கு 15 முதல் 22 லிட்டர், 1 முதல் 2 யூனிட்.

இந்த வித்தியாசம் எப்படி? குழாயில் ஓடும் தண்ணி ஒரே தடவை பாத்திரத்தைத் தொட்டுட்டு சாக்கடைக்குப் போயிடுது. எந்திரம் அதே தண்ணியைத் திரும்பத் திரும்ப மேலே பாய்ச்சுது. குறைந்த தண்ணின்னா, சூடாக்கவும் குறைந்த மின்சாரம் போதும்.

2020ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. டிஷ்வாஷர் தயாரிக்கும் வேர்ல்பூல் நிறுவனத்தோட ஆதரவில் நடந்தது. இருந்தும் முதலிடம் எந்திரத்துக்குக் கிடைக்கலை! குழாயைத் திறந்து விட்டுக் கழுவுறதைவிட எந்திரம் மேல்தான். ஆனா ஒரு தொட்டியில் சுடுதண்ணியில் ஊறவைத்துத் தேய்த்து, இன்னொரு தொட்டியில் பச்சைத் தண்ணியில் அலசினால், பசுமைக்குடில் வாயு எந்திரத்தைவிடவும் குறைவு.

இந்த எண்களை நம்ம ஊருக்கு அப்படியே தூக்கிட்டு வரக்கூடாது. பச்சைத் தண்ணியில் கழுவுற வீட்டில் சூடாக்கும் செலவே கிடையாது. மின்சாரக் கணக்கில் கைதான் ஜெயிக்கும். தண்ணிக் கணக்கு மட்டும் குழாயைப் பொறுத்தது. ரெண்டு பேசின் வைத்துக் கழுவுற வீடும், குழாயைத் திறந்து விட்டுக் கழுவுற வீடும் ஒன்னு கிடையாது.

எந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான். முழுசா நிரப்பி ஓட்டுங்க. குழாயில் முன்கூட்டியே அலசாதீங்க, மிச்சத்தை வழிச்சுப் போட்டால் போதும். சூட்டில் உலர்த்தும் வசதியை அணைச்சிடுங்க. அரைகுறையா நிரப்பி ஓட்டினால், மிச்சமாகுறது நம்ம கைவலி மட்டும்தான்.