பருந்து மலையில் எழுதிய கணக்கு

தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மறந்திருக்காது. "ஏய், பருந்து சுத்துது! குஞ்சுகளைக் கூடை போட்டுக் கவுத்துங்க!" என்று ஒரு வீட்டில் குரல் கிளம்பினால் லயம் முழுக்கப் பரவும். நானும் கல்லை எடுத்துக்கொண்டு ஓடியவன்தான். பருந்து என்றால் எங்களுக்குப் பகைவன், அவ்வளவே.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலும் ஒரு காலத்தில் இதே நினைப்புதான் இருந்தது. ஆனால் அங்கே கல் இல்லை, துப்பாக்கி. 1929ஆம் ஆண்டில் அம்மாநில அரசு, கோஷாக் எனப்படும் பெரிய வல்லூறு ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தால் ஐந்து டாலர் பரிசு என்று அறிவித்தது. கடுமையான பொருளாதார மந்தம் தொடங்கிய காலம் அது. (அந்த மந்தம்தான் ரப்பர் விலையைச் சாய்த்து, மலாயாவிலிருந்த நம்மவர்கள் பலரைக் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பியது.) ஐந்து டாலர் யாருக்குக் கசக்கும்? எது கோஷாக், எது சாதாரணப் பருந்து என்று பார்ப்பதற்கு எவருக்கும் பொறுமையில்லை. பறந்ததையெல்லாம் சுட்டார்கள்.

சுடுவதற்கு வாகான இடமும் இருந்தது. வடகிழக்கிலிருந்து தென்மேற்காக நீண்டு கிடக்கும் கிட்டட்டின்னி மலைத்தொடர் அது. இலையுதிர்காலத்தில் வடக்கே குளிர் ஏற ஏற, பருந்துகள் தெற்கு நோக்கிப் புறப்படும். காற்று மலைச்சரிவில் மோதி மேலே எழும்பும். பட்டம் விட்ட பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே புரியும். அந்தக் காற்றின்மேல் சிறகை விரித்து வைத்தால் போதும், அடிக்காமலே பல மைல் போகலாம். ஆகவே பறவைகள் மலைமுகட்டை ஒட்டியே, சில வேளை ஆள் உயரத்துக்குச் சற்று மேலாகவே செல்லும். முகட்டில் துப்பாக்கியோடு நின்றவர்களுக்குக் குறிபார்க்கும் வேலைகூட அதிகமில்லை.

1932இல் ரிச்சர்ட் பவ் என்பவர் அங்கே போய், செத்த பருந்துகளை வரிசையாகத் தரையில் கிடத்திப் படம் எடுத்தார். அந்தச் சங்கதி நியூயார்க்கில் ரோசலி எட்ஜ் என்ற அம்மையாருக்கு எட்டியது. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர் அவர். யாராவது ஏதாவது செய்வார்கள் என்று காத்திருந்து பார்த்தார், யாரும் அசையவில்லை. 1934இல் 500 டாலர் கடன் வாங்கி, 1,400 ஏக்கர் மலையையே குத்தகைக்கு எடுத்துவிட்டார்! அப்போது அவருக்கு வயது 56.

மலையைக் காக்க மாரிஸ் ப்ரௌன், அவர் மனைவி இர்மா என்ற இளந்தம்பதியரை அனுப்பினார். 'சுடக்கூடாது' என்ற அறிவிப்புப் பலகையை மாட்டிவிட்டு, துப்பாக்கியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்புவதே அவர்களுக்கு வேலை. அந்த அம்மாள் வழியில் காவல் நிற்க, கணவர் வானத்தைப் பார்த்தார். பார்த்ததைச் சும்மா விடவில்லை, எழுதத் தொடங்கினார். பெரட்டுக் களத்தில் கிராணி ஆள் கணக்கு எடுப்பாரே, அதுபோல இன்றைக்கு எந்த வகை, எத்தனை என்று நாள்தோறும் குறிப்பு.

1938இல் மலை விலைக்கு வாங்கப்பட்டு, அதற்கென்று அமைந்த சங்கத்துக்கு உரிமையானது. 'ஹாக் மவுண்டன்', அதாவது பருந்து மலை என்று பெயர் நிலைத்தது. ப்ரௌன் தொடங்கிய கணக்கோ, போர்க்காலச் சில ஆண்டுகள் தவிர, ஒவ்வோர் இலையுதிர்காலமும் தொடர்ந்தது. அவருக்குப் பின் வந்தவர்களோடு தொண்டர்களும் மலையேறினார்கள். பாறைமேல் உட்கார்ந்து, தொலைநோக்கியும் குறிப்பேடுமாகக் காலை முதல் மாலை வரை எண்ணுகிறார்கள். பருந்துகளைக் கிட்டே இழுக்கக் கம்பத்தில் ஓர் ஆந்தை பொம்மையைக் கட்டி வைத்திருப்பார்கள். ஆந்தையைக் கண்டால் பருந்துக்கு ஆகாது, தாக்க வரும். செப்டம்பர் நடுவில் அகன்ற சிறகுப் பருந்துகள் கூட்டங்கூட்டமாக வரும்போது கண் பூத்துப் போகும். சில நாட்களிலோ மணிக்கணக்கில் வெறும் வானம்தான். அன்றைக்கு ஏட்டில் சுழி போட வேண்டும். அந்தச் சுழியையும் விடாமல் போட்டார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏனென்றால் அந்த ஏடுதான் பிறகு சாட்சி சொன்னது. வெண்தலைக் கழுகின் குஞ்சுகளை அவற்றின் கருநிற இறகால் எளிதில் அடையாளம் காணலாம். 1935 முதல் 1939 வரை மலையில் எண்ணப்பட்ட கழுகுகளில் நூற்றுக்கு 40 இளசுகள். 1955 முதல் 1959 வரை பார்த்தால் நூற்றுக்கு 20தான். 1957ஆம் ஆண்டிலோ 32 பெரிய கழுகுகளுக்கு ஒரே ஓர் இளசு! பெரியவை பறக்கின்றன, பிள்ளைகளைக் காணோம். வயல்களிலும் காடுகளிலும் தெளித்த டி.டி.டி. மருந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து, முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்கும்போதே முட்டை நொறுங்கியது. ரேச்சல் கார்சன் 1962இல் வெளியிட்ட 'மௌன வசந்தம்' நூலில் இந்த மலையின் கணக்கை எடுத்துக் காட்டினார். அதே ஆண்டில்தான் ரோசலி அம்மையார் காலமானார். 1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. கழுகுகள் மெல்லப் பெருகி, 2007இல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

மலேரியாவை ஒழிக்க லயத்துச் சுவர்களில் அதே மருந்தை அடித்தது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கலாம். கொசுவுக்கு அது தேவையாகவும் இருந்தது, அதை மறுப்பதற்கில்லை.

நம் நாட்டிலும் பருந்து எண்ணுகிறார்கள். போர்ட்டிக்சனுக்கு அருகே தஞ்சோங் துவானில், கலங்கரை விளக்கம் நிற்கும் குன்றில், மார்ச் மாத வாக்கில் தேன் பருந்துகள் சுமத்திராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து வந்து சேரும். நிலத்தில் எழும்புவதுபோல் கடல்மேல் வெப்பக் காற்று எழும்பாது. ஆகவே சிறகடித்துக் களைத்து, தாழப் பறந்து வரும். 2000ஆம் ஆண்டில் மலேசிய இயற்கைக் கழகத்தினர் இதை ஒரு விழாவாகவே நடத்தத் தொடங்கினார்கள்.

ஒரு முறை அம்மாவை அங்கே கூட்டிப் போயிருந்தேன். வெயில் ஏறியதும் ஒன்று, இரண்டு, பிறகு பத்துப் பதினைந்து என்று தலைக்குமேல் வந்தன. பக்கத்தில் நின்ற ஒரு சீனப் பையன் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். அம்மா முந்தானையால் வெயிலை மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டுத் தூரம் கடல் தாண்டியா வருது?" என்று கேட்டார். பிறகு அவரும் எண்ணத் தொடங்கினார்.