பரங்கிமலைப் பீரங்கியும் வாயுவின் இயல்பும்

பூதம் ஐந்தென்பது நம் நூல்களின் துணிபு. அவற்றுள் மண், நீர், தீ என்னும் மூன்றும் கண்ணுக்குப் புலனாவன. வளியோ ஓசையானும் ஊற்றானுமே உணரப்படுவது. காணப்படாத அவ்வளியும் அளவைக்கு உட்படும் சடப்பொருளே என்பதனை விளக்கிய ஓர் ஆராய்ச்சி நம் தொண்டைநாட்டிலேயே நிகழ்ந்துளது. கீழ்க்கட்டளைக்கு வடக்கே நான்கு கல் தொலைவுக்குள் நிற்கும் பரங்கிமலை அதற்கு ஒரு களமாயிற்று. அம்மலையை நாள்தோறும் காண்பாருள்ளும் இதனை அறிந்தார் சிலரேயாதலின், ஈண்டு அதனைச் சுருங்க உரைப்பாம்.

கிழக்கிந்தியக் கும்பினியார் 1792-ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சி நிலையம் அமைத்தனர். அங்கு நாட்டப்பெற்ற கருங்கற்றூணில் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பெற்றுளது. அந்நிலையத்துத் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்காம் என்பார் 1820, 1821-ஆம் ஆண்டுகளில் ஒலியின் விரைவை அளக்கப் புகுந்தார். பரங்கிமலையில் அக்காலத்துப் பீரங்கிப் படையினர் தங்கியிருந்தனர். அங்கும் புனித ஜார்ஜ் கோட்டையிலும் வெடிக்கப்பெற்ற பீரங்கிகளே அவருக்குத் துணையாயின. மலைக்கும் நிலையத்துக்கும் இடைவெளி ஏறத்தாழ 29,500 அடி. கோட்டைக்கும் நிலையத்துக்கும் 14,000 அடிக்குச் சிறிது குறைவு. ஒளியின் விரைவு மிகப் பெரிதாகலின், வெடியின் ஒளி தோன்றிய கணமே வெடித்த கணமாகக் கொள்ளப்பட்டது. அதுமுதல் ஓசை செவிப்படுங்காறும் சென்ற விநாடிகளை எண்ணினர். மலையொலி வந்தெய்த இருபத்தாறு விநாடியளவு ஆயிற்று.

இவ்வாராய்ச்சியின் சிறப்பு யாதெனில், ஒருநாள் அளவோடு ஒழியாது, பல திங்களின் அளவுகளையும் வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரமானி என்பவற்றின் குறிப்புக்களோடு ஒப்பிட்டமையேயாம். பனிக்காலத்து ஒலியின் விரைவு குறைந்தும், வெயிற்காலத்து மிகுந்தும் நின்றது. வெப்பம் ஏற ஏற வளியின் நுண்கூறுகள் விரைந்து இயங்குதலே அதற்குக் காரணம். வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயரின், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டடி மிகுதியாகச் செல்லும். முன்னரே நியூட்டன் ஒலியின் விரைவைக் கணக்கிட்டிருந்தார். அக்கணக்கு மெய்யளவினும் ஆறிலொரு பங்களவு குறைந்தது. ஒலியலை நெருக்கும் இடத்து வளி சூடேறுதலை அவர் கருதாமையே குறைவுக்கு ஏதுவென, லாப்லாஸ் என்பார் 1816-இல் விளக்கினார்.

ஒலி வளியில் மட்டுமன்றி ஏனைப் பொருள்களிலும் செல்லும். 1826-இல் செனீவா ஏரியில் அளந்தபோது, நீரில் அது வளியினும் நான்கு மடங்குக்கு மேல் விரைந்தது. இரும்பில் அதனினும் விரையும். நிறை மிகுதலால் விரைவு மிகும் என்று எண்ணற்க. நெருக்குதலை எதிர்த்து மீளும் வன்மையே திடப்பொருளில் ஒலியை விரைவிப்பது.

கோல்டிங்காமின் கட்டுரை 1823-இல் இலண்டன் அரசவைக் கழகத்தின் வெளியீட்டில் வந்தது. அதே ஆண்டுத் தொகுதியில் பாரடே என்பார் குளோரின் ஆவியை நீர்மமாக்கியமையும் வெளியாயிற்று. பின்னர் 1877-இல் உயிர்வளியும், 1908-இல் ஈலியமும் நீர்மமாயின. வளி, நீர்மம், திடம் என்பன வேறுவேறு பொருள்களல்ல. ஒரு பொருளின் வேறுவேறு நிலைகளே என்பது இவற்றால் ஐயமற விளங்கிற்று.

இனி, இவ்வரலாற்றைக் கேட்டு இருவகையாகப் பிறழ உணர்வார் உளர். ஓசை ஆகாயத்தின் குணமாகவும், அது வளியில் இயங்குதல் கூறினமையின் நம் நூல்கள் பொய்த்தன என்பார் ஒருசாரார். ஓசை ஆகாயத்துக்கே உரியதென்பது தார்க்கிகர் கொள்கை. சைவாகமங்களோ ஐம்பூதத்தும் ஓசை உண்டென்று கொள்ளும். எனினும், வளியகற்றிய கலத்துள் கடிகாரவொலி கேளாமையை ராபர்ட் பாயில் 1660-இல் எழுதியுளார். இதனை மறைத்தல் அறிவுடையார் செயலன்று. இடங்கொடுப்பதாகிய ஆகாயமும், கருவியால் வளி நீக்கிய வெற்றிடமும் ஒன்றோ வேறோ என்று ஆராய்ந்தே விடை கூறல் வேண்டும்.

மற்றொருசாரார், மண்ணே திடம், நீரே நீர்மம், வாயுவே ஆவி எனப் பெயரொப்புமை காட்டி, எல்லாம் முன்னரே நம்மவர் அறிந்தனர் என மகிழ்வர். பனிக்கட்டியும் நீரும் நீராவியும் ஒரே பொருள். நிலைகளே பூதமாயின் ஒரு நீரே மூன்று பூதமாதல் வேண்டும். அது பொருந்தாது. பூதங்களை நம் நூல்கள் ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் என்னும் புலன்வழி வகுத்தன. நிலைகளை இக்கால நூல்கள் நுண்கூறுகளின் அமைப்பும் இயக்கமும் பற்றி வகுத்தன. பகுப்பு வேறாகலின் ஒன்றை மற்றொன்றாக்கிப் பெருமை தேடல் இரண்டிற்கும் இழுக்காம்.

ஒற்றுமை உண்டெனின், அது பிறிதோரிடத்தது. பனிக்கட்டி உருகுங்கால் நீர் புதிதாய்ப் பிறந்ததன்று. கொதித்து ஆவியாங்கால் இறந்ததுமன்று. உள்ளதே வடிவு மாறிற்று. காரணத்தில் உள்ளதே காரியமாய்த் தோன்றும் என்னும் சற்காரியவாதத்தை மாணாக்கர்க்கு விளக்க இதனினும் எளிய எடுத்துக்காட்டு வேண்டா. அளந்தறிந்ததனை அளந்தவாறே ஏற்று, நூற்பொருளை நூல்நெறியானே ஆராய்தல் நம்மனோர்க்குக் கடனாம். அந்நடுவுநிலைமை நமக்கு எய்தத் திருவருள் துணைசெய்க.