மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்

1948 மார்ச் 3-ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. அதே மாதம் 29-ஆம் தேதி பல் மருத்துவர் சட்டம் வந்தது. முதல் தேதி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது, என்னைப் போலப் பல் பிடுங்கிப் பிழைப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தச் சட்டம் பட்டம் இல்லாதவர்களை ஒரேயடியாக விரட்டிவிடவில்லை. ஏற்கெனவே பல வருடம் தொழில் பார்த்தவர்களுக்குப் பதிவேட்டில் ‘பி’ பகுதி என்று ஓர் இடம் கொடுத்தது. என் தாத்தாவுக்குப் பல் கட்டியவர் அப்படிப்பட்ட பழைய கைதான். அந்த செட்டைப் போட்டுக்கொண்டு தாத்தா சீடை கடிப்பார். பட்டம் வாங்கி வந்த நான் செய்த செட்டுகள் எல்லாமே சீடைக்குத் தாங்கின என்று சொல்ல மாட்டேன்.

படிப்பு என்றால் ரயில் ஏற வேண்டும். டாக்டர் ரஃபியுத்தீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953-ல்தான் வந்தது. எங்கள் ஊர் முத்துலெட்சுமி ரெட்டியும் இங்கே மகாராஜா கல்லூரியில் படித்துவிட்டு, டாக்டருக்குப் படிக்க 1907-ல் சென்னைக்குத்தான் போனார். எண்பதுகளில் நானும் டிரங்குப் பெட்டியோடு அங்கேதான் போனேன். “பல்லு டாக்டரா? அப்ப காய்ச்சலுக்கு ஊசி போட மாட்டியாடா?” என்று கேட்டு வழியனுப்பினார் பெரியப்பா.

எங்களுக்கு இருந்தது நுழைவுத் தேர்வு; அது 1984-ல் வந்தது. 2007-ல் அதை எடுத்துவிட்டு பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்றார்கள். 2017-லிருந்து நீட். 2020-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அது நல்ல காரியம். ஆனால் இத்தனை மாற்றத்திலும் ஒருவரும் கையைச் சோதித்ததில்லை. கனடாவில் நெடுங்காலம் சோப்புக் கட்டியைக் கொடுத்துச் செதுக்கச் சொல்லித்தான் பல் மருத்துவத்துக்கு ஆள் எடுத்தார்கள். இங்கே கை எப்படிப்பட்டது என்பது சேர்ந்த பிறகுதான் தெரியும்.

தெரிய வைப்பது மெழுகுக் கட்டி. முதல் வருடம் அனாட்டமி, பிசியாலஜி என்று எம்பிபிஎஸ்காரர்கள் படிக்கிறதைப் படித்துக்கொண்டே, மத்தியானம் சின்னக் கத்தியால் அதில் பல் செதுக்க வேண்டும். மேல் வரிசை முன்பல் சுமாராக வந்துவிடும். கடைவாய்ப்பல்தான் ஆளைக் கொல்லும்: நாலு முனை, நடுவில் பள்ளம், அந்தப் பள்ளத்திலிருந்து கிளை பிரியும் கோடுகள். கொஞ்சம் அதிகம் சுரண்டினால் புதுக் கட்டி எடுக்க வேண்டியதுதான். நான் கொண்டுபோய் நீட்டியதைப் பார்த்து எங்கள் ஆசிரியர், “இது பல்லா, புளியங்கொட்டையா?” என்றார். மெழுகோடு நின்றுவிடாது. துளை போட்டுப் பழக நிஜப் பல் வேண்டுமே. லீவுக்கு ஊருக்கு வந்தால் கிளினிக் கிளினிக்காக பாட்டிலும் கையுமாக நின்று பிடுங்கிய பற்களை வாங்கிப் போவோம்.

கடைசி வருடம் வேறு மாதிரி. இத்தனை பல் பிடுங்கியிருக்க வேண்டும், இத்தனை பேருக்கு முழு செட் கட்டியிருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வாங்க வேண்டும். முழு செட் ஒரே நாளில் முடியாது. அளவெடுப்பு, கடி பார்ப்பது, மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது என்று பெரியவர் திரும்பத் திரும்ப வந்தாக வேண்டும். பாதியில் அவர் பேத்தி கல்யாணத்துக்குப் போய்விட்டால் நம் கேஸ் அம்போ. என் பெரியவருக்கு பஸ் காசும் டீயும் நான்தான்.

இதையெல்லாம் இப்போது புதுக்கோட்டைக்குப் பக்கத்து முள்ளூரிலேயே படிக்கலாம். 2023-ல் 50 இடங்களோடு அரசு பல் மருத்துவக் கல்லூரி அங்கே தொடங்கியது. சென்னைக்குப் பல் படிப்பு வந்து எழுபது வருடம் கழித்து. சேர்ந்தவர்கள் நாலு வருடம் படித்து, ஒரு வருடம் பயிற்சி டாக்டராக இருக்க வேண்டும். கேஸுக்கு அலைய வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆலங்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் வெற்றிலையோடு புகையிலையை அடக்கும் ஆச்சிகளின் கன்னத்து உட்புறத்தில் நான் பார்த்த வெள்ளைத் திட்டுகள் கொஞ்சமில்லை. “தஞ்சாவூர் போய்க் காட்டுங்க ஆச்சி” என்று எழுதிக் கொடுப்பேன். பாதிப் பேர் போகவே மாட்டார்கள். இப்போது முள்ளூர் என்று எழுதுகிறேன். டவுன் பஸ்ஸில் போய்விடுகிறார்கள்.