மிளகு சென்ற கோட்டையும் மிளகு விளையும் மலையும்

ஜெர்மனி தேசத்தில், லிப்பே நதிக்கு அண்மையில், ஓபராடன் என்றொரு சிற்றூர் உண்டு. ரோமானியரின் எல்லைப்புறப் படைக்கோட்டை ஒன்று அவ்வூர் நிலத்தடியில் புதைந்து கிடப்பதை, 1905-ஆம் ஆண்டில், ஓட்டோ பிரைன் என்னும் போதகர் கண்டறிந்தார். கி.மு. 11-இல் ட்ரூஸஸ் என்ற தளபதியால் எழுப்பப்பட்டு, மூன்று நான்கு ஆண்டுகளுக்குள்ளாகவே கைவிடப்பட்ட அந்தக் கோட்டையின் கழிவுக் குழிகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அத்தி விதை, கொத்தமல்லி முதலியவற்றோடு கருமிளகும் அங்கே கிடக்கக் கண்டார்கள்.

நம் பழனிமலை ஆடலூரில், காப்பித் தோட்டத்து நிழல் மரங்களைப் பற்றிப் படர்ந்த மிளகுக் கொடிகளை நித்தமும் பார்த்துப் பழகியவர்களுக்கு இச்செய்தி வியப்போடு ஒருவித உரிமையுணர்ச்சியையும் தரக்கூடும். ஆயினும் ரோமானியர் மிளகு வாங்கிய பெருந்துறை சேரநாட்டு முசிறியே. அந்தக் கோட்டைச் சிப்பாய்கள் உண்டது பழனிமலை மிளகுதான் என்று வழக்காட நான் துணியேன். பியூட்டிங்கர் படம் என வழங்கும் பழைய தேசப்படத்தில் முசிறிக்கருகே அகஸ்டஸ் ஆலயம் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. முற்காலச் சரித்திராசிரியர் சிலரோ அதற்குமேலும் சென்று, இரண்டு ரோமப் படைப்பிரிவுகளே அங்கு காவலிருந்ததாக எழுதிவைத்தார்கள். ஆலயமாவது படத்தில் உண்டு. படையோ அவர்களுடைய எழுத்தில் மட்டுமே உண்டு.

நம் மலைக்கு அந்நியரின் கோட்டை எதற்கு? தாண்டிக்குடி, பேத்துப்பாறை முதலிய இடங்களில், உழுவதற்கோ தோண்டுவதற்கோ இடங்கொடாத வெறும் பாறைமேல், பக்கத்துக்கொன்றாகப் பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு பெருங்கல்லை மூடியாக ஏற்றிவைத்த கல்திட்டைகள் நிற்கின்றன. உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத அவற்றின் தாழ்வைக் கண்டு, குள்ளர்கள் வாழ்ந்த குகைகள் என்று ஊரார் சொல்லுவார்கள். உண்மையில் அவை பெருங்கற்கால மக்கள் இறந்தோருக்கு எழுப்பிய ஈமச்சின்னங்கள். செண்பகனூர் இயேசு சபைப் பாதிரிமார்களான ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இருவரும் காடு மேடெல்லாம் அலைந்து இவற்றை அளந்து எழுதிய நூலை, 1928-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அங்கே ஒரு போதகர், இங்கே இரு பாதிரிமார். புதைபொருள் ஆராய்ச்சிக்கும் சமய ஊழியத்துக்கும் ஏதோ பூர்வஜன்ம பந்தம் போலும்!

2004-ஆம் ஆண்டில் பேராசிரியர் கா. ராஜன் தாண்டிக்குடியில் அகழ்ந்தபோது, இம்மலையில் விளையாத சூதுபவளக் கல்லாலான மணிகள் ஈமக்குழிகளில் கிடைத்தன. ஆகவே, மலைவாசிகள் வெளியுலகை அறியாது ஒதுங்கிக் கிடந்தார்கள் என்ற எண்ணம் பொருந்தாது. மலையடிவாரத்துப் பொருந்தலில் பின்னர் அவரே நடத்திய அகழ்வில், நான்குகால் ஜாடி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்லும், 'வயிர' என்று தமிழ் பிராமியில் பொறித்த புரிமனையும் ஈமக்குழியிலிருந்து வெளிவந்தன. அந்நெல்லின் காலம் சுமார் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. அதாவது, ட்ரூஸஸ் தன் கோட்டைக்கு மரம் வெட்டியதற்கு நானூற்றெழுபது ஆண்டுகளுக்கும் முன்னர்.

நாலாண்டுகூட நிலைக்காத கோட்டைக்கு வருஷமும் தளபதியின் பெயரும் சரித்திரத்தில் ஏறிவிட்டன. தலைமுறை தலைமுறையாகக் கல் சுமந்தவர்களின் பெயரோ ஒன்றுமில்லை. போதாக்குறைக்குப் புதையல் இருக்குமென்று நம்பிய பேராசைக்காரர்கள் மூடுகற்களைப் புரட்டித் தள்ளினார்கள். இத்தகைய திட்டைகளில் அகப்படுபவை பெரும்பாலும் உடைந்த மட்கலங்களும், துருப்பிடித்த இரும்பும், சில மணிகளுமே. அவற்றையும் கலைத்துப் போட்டதுதான் அவர்கள் கண்ட லாபம்.