மூன்று முறை ஒரே வரி

புகைத்தல் கொல்லும். போருக்குப் பிந்திய போஸ்னியாவில் சிகரெட் பெட்டிமேல் இந்த எச்சரிக்கை மும்முறை அச்சாயிற்று: போஸ்னிய, குரோவேஷிய, செர்பிய மொழிகளில். முதலிரண்டும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. மூன்றாவதில் சொற்கள் அவையே, லிபி மட்டும் சிரில்லிக். சிரித்துவிட்டுப் போகலாம்தான், 1992க்கும் 1995க்கும் இடையில் அங்கே ஏறக்குறைய 1,00,000 பேர் செத்திருக்காவிட்டால்.

இந்தப் பிரிவினையில் எழுத்தாளனின் கையும் உண்டு. 1954இல் யூகோஸ்லாவியாவின் நோவிசாத் நகரில் கூடிய எழுத்தாளர்களும் மொழியியலாளர்களும் செர்பியரும் குரோவேஷியரும் பேசுவது ஒரே மொழி, லிபிதான் இரண்டு என்றார்கள். 1967இல் குரோவேஷிய எழுத்தாளர்கள் தம் மொழிக்குத் தனிப்பெயர் கோரினார்கள். கையெழுத்திட்டவர்களில் க்ர்லேஷாவும் ஒருவர். கோரிக்கை நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. மத்திய அலுவலகங்களிலும் ராணுவத்திலும் செர்பிய வழக்கே மேலோங்கியிருந்தது. ஆனால் பெயர் பிறகு ஆளைத் தேடிக்கொண்டு போயிற்று. 1991இல் போர் வந்தபோது ரொட்டியை 'க்ரூஹ்' என்பவன் ஒரு பக்கம், 'ஹ்லெப்' என்பவன் மறுபக்கம். வசவுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளன் தேவைப்படவில்லை.

1995 டிசம்பரில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கைக்குச் சம அந்தஸ்துள்ள நான்கு பிரதிகள்: இம்மூன்று மொழிகளிலும் ஆங்கிலத்திலும். 2017இல் சரயேவோவில் இன்னோர் அறிக்கை, எல்லோரும் பேசுவது ஒரே பொதுமொழி என்று. அதன் கீழும் எழுத்தாளர்களின் கையெழுத்துகள்.